சூதாட்டத்தை ஏன் விட முடிவதில்லை? டோபமைன் உண்மையில் செய்யும் வேலை

ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டவரைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கும். ஒன்று, பேராசை. இன்னொன்று இப்போது ரீல்ஸ் புண்ணியத்தில் எல்லார் வாயிலும் வருவது: "டோபமைன்தான் காரணம், அது சந்தோஷ ஹார்மோன், ஜெயிச்சா சுரக்கும், அதுக்கு அடிமையாகிடுறாங்க."

பேராசைக் கதையில் ஒரு ஓட்டை. பேராசைக்காரன் நஷ்டம் வந்தால் நிறுத்திவிடுவான். இங்கே நஷ்டம் ஏற ஏற ஆட்டமும் ஏறுகிறது. டோபமைன் கதையிலும் ஓட்டை இருக்கிறது: ஜெயித்தால்தான் சுரக்கும் என்றால், பத்துக்கு எட்டு முறை தோற்கிறவர் ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்? டோபமைனுக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் அதன் வேலை சந்தோஷம் தருவது அல்ல. அது என்ன வேலை என்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகவே அவிழும்.

டீக்கடையில் ஒரு வடை

தினமும் காலையில் ஒரே கடையில் டீ குடிக்கிறீர்கள். ஒரு நாள் கடைக்காரர் கேட்காமலே ஒரு வடையை நீட்டி, "காசு வேணாம், சாப்பிடுங்க" என்கிறார். அன்று மனம் துள்ளும். மறுநாளும் தருகிறார், அதற்கடுத்த நாளும் தருகிறார். இரண்டு வாரம் கழித்து அதே வடை, அதே ருசி, ஆனால் துள்ளல் இல்லை. டீயோடு வடை வரும் என்பது மூளைக்குப் பாடமாகிவிட்டது. ஒரு நாள் வடை வரவில்லை என்றால்தான் சுருக்கென்று இருக்கும்.

இப்போது கடைக்காரர் மாற்றித் தருகிறார் என்று வையுங்கள். சில நாள் தருவார், சில நாள் தரமாட்டார், எந்தக் கணக்கும் கிடையாது. இனி தினமும் டீ கிளாஸை வாங்கும்போதே உங்கள் கண் அவர் கை மேல் இருக்கும். பக்கத்துக் கடையில் டீ நன்றாக இருந்தாலும் போகமாட்டீர்கள்.

வடை ஒன்றுதான், ருசியும் ஒன்றுதான். மாறியது அது வருமா வராதா என்பது மட்டும்.

குரங்கும் பழச்சாறும்

இந்த வடைக் கணக்கை மூளை செல்கள் அளவில் காட்டியவர் நரம்பியலாளர் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ். குரங்குகளின் நடுமூளையில் இருக்கும் டோபமைன் செல்களில் நுண்ணிய மின்முனைகளை வைத்து, குரங்குக்குப் பழச்சாறு கிடைக்கும்போது அவை எப்படித் துடிக்கின்றன என்று பதிவு செய்தார். டோபமைன் என்பது ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குத் தகவல் சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று. நடுமூளையில் உற்பத்தியாகும் இந்தத் தகவல், மூளையின் ஆழத்தில் உள்ள நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற சிறு பகுதிக்கும், நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைக்கும் போகிறது.

அவர் கண்டது மூன்று விஷயங்கள். எதிர்பாராமல் சாறு வந்தால் செல்கள் படபடவென்று துடித்தன. விளக்கு எரிந்தபின் சாறு வரும் என்று குரங்கு பழகிவிட்டபோது, துடிப்பு விளக்கு எரியும் நொடிக்கு மாறியது. சாறு வரும் நொடியில் ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், சாறு வரவேண்டிய அந்த நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது.

ஆக, டோபமைன் செல்கள் அறிவித்தது சாற்றை அல்ல. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையே உள்ள வித்தியாசத்தை. 1997-ல் ஷூல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மான்டேக் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்குக் கணித வடிவம் கொடுத்தது. இந்த வித்தியாசத்தை 'எதிர்பார்ப்புப் பிழை' என்று சொல்லலாம். நினைத்ததைவிட நல்லது வந்தால் பிழை கூட்டல், மோசமானது வந்தால் கழித்தல், நினைத்தபடியே வந்தால் பூஜ்யம்.

இது கற்பதற்கான சமிக்ஞை. "இப்போது செய்தாயே, அதை நினைவில் வை, மறுபடி செய்" என்பதுதான் கூட்டல் பிழையின் செய்தி. கற்று முடித்ததும் பிழை பூஜ்யமாகி சமிக்ஞை அடங்கிவிடும்.

சுருக்கமாக: டோபமைன் செல்கள் பரிசைக் கண்டு துடிப்பதில்லை, எதிர்பாராததைக் கண்டு துடிக்கின்றன. பாடம் முடிந்தால் துடிப்பும் அடங்கும். பழகிய துடிப்பு பரிசைவிட்டு, பரிசுக்கு முன்னால் வரும் அறிகுறிக்கு இடம் மாறும்.

ஆசை வேறு, ருசி வேறு

டோபமைனுக்கு 'இன்ப வேதிப்பொருள்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்கு ஒரு பழைய சோதனை முக்கியக் காரணம். 1954-ல் கனடாவில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலிகளின் மூளையில் கம்பி செருகி, நெம்புகோலை அழுத்தினால் லேசான மின்சாரம் பாயும்படி வைத்தார்கள். எலிகள் அழுத்திக்கொண்டே இருந்தன. 'இன்ப மையம்' கிடைத்துவிட்டது என்று உலகம் எடுத்துக்கொண்டது. அந்தப் பெயர் பிறகு அங்கே வேலை செய்யும் டோபமைன் மேலும் ஏறிக்கொண்டது.

அந்த எலிகள் இன்பத்தில்தான் அழுத்தினவா? நரம்பியலாளர் கென்ட் பெர்ரிட்ஜ் பிறகு செய்த சோதனைகள் வேறு பதில் சொல்லின. டோபமைனை அழித்துவிட்ட எலியின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால், அது மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கி ரசிக்கிறது. ஆனால் எதிரிலேயே உணவு இருந்தாலும் தானாகப் போய்ச் சாப்பிடாது. விட்டால் பட்டினியில் சாகும். ருசி இருக்கிறது, நாட்டம் இல்லை. இரண்டும் மூளையில் தனித்தனி ஏற்பாடுகள். டோபமைன் சேர்ந்திருப்பது நாட்டத்தோடு.

சூதாட்டச் சிக்கலில் இருப்பவர்கள் பலர் "விளையாடும்போது சந்தோஷமே இல்லை, ஆனா கை போகுது" என்று சொல்லும்போது வீட்டார் நம்புவதில்லை. அது சாக்கு அல்ல. ருசி வற்றிப்போன பிறகும் நாட்டம் முழு வேகத்தில் ஓடும்.

இதற்கு மனிதரிடம் கிடைத்திருக்கும் வலுவான சான்று பார்க்கின்சன் நோயாளிகளிடமிருந்து வருகிறது. அந்த நோயில் டோபமைன் செல்கள் அழிகின்றன. அதனால் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற, டோபமைன்போல வேலை செய்யும் மாத்திரைகளைக் கொடுப்பார்கள். வாழ்நாளில் சீட்டைத் தொடாத சிலர் இந்த மாத்திரை ஆரம்பித்த சில மாதங்களில் சூதாட்டத்தில் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். மாத்திரையைக் குறைத்ததும் அல்லது மாற்றியதும் பலருக்கு அந்த நாட்டம் வந்த வழியே போய்விட்டது. குணம் கெட்டுப்போய் மறுபடி திருந்தியது என்று இதை விளக்க முடியாது. வீட்டில் யாராவது இந்த மாத்திரைகளை எடுத்துக்கொண்டு, புதிதாகச் சூதாட்டம், கட்டுப்பாடில்லாத ஷாப்பிங் என்று மாறினால் உடனே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது, திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

சூதாட்டத்தில் மட்டும் ஏன் அடங்குவதில்லை?

கற்று முடித்தால் டோபமைன் சமிக்ஞை அடங்க வேண்டும் என்று பார்த்தோம். சூதாட்டத்தில் கற்று முடிக்க ஒன்றுமே இல்லை என்பதுதான் விஷயம். அடுத்த சுழற்சியில் என்ன வரும் என்பதை ஆயிரம் முறை ஆடினாலும் கற்க முடியாது. அதனால் ஒவ்வொரு வெற்றியும் முதல் நாள் வடை மாதிரியே இருக்கிறது.

2003-ல் ஷூல்ட்ஸின் குழு இன்னொன்றும் கண்டது. பரிசு வரும் வாய்ப்பைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். அறிகுறிக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட காத்திருப்பில் சில டோபமைன் செல்களின் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போனது. பரிசு நிச்சயம் என்றாலும் இல்லவே இல்லை என்றாலும் அந்த ஏற்றம் இல்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தபோதுதான் உச்சம். சக்கரம் சுற்றும் அந்த இரண்டு நொடிதான் சூதாட்டத்தின் சரக்கு என்று சொல்லலாம். பணம் அதற்கான டிக்கெட்.

நிறுத்துவது ஏன் கஷ்டம் என்பதும் இதிலேயே இருக்கிறது. தினமும் வடை தந்த கடையில் மூன்று நாள் வராவிட்டால், இனி இல்லை என்று புரிந்துவிடும். எப்போதாவது தந்த கடையில் பத்து நாள் வராவிட்டாலும் எதுவும் புரியாது, முன்பும் பத்து நாள் வராமல் பதினோராம் நாள் வந்திருக்கிறதே. உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்து இதை நிறுவினார்: எத்தனையாவது முயற்சிக்குப் பரிசு என்று தெரியாதபடி கொடுத்துப் பழக்கிய பழக்கம், பரிசை நிறுத்திய பிறகும் நெடுநாள் நீடிக்கும். "இவ்வளவு தோத்த பிறகும் புத்தி வரலையே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இந்த ஏற்பாட்டில் தோல்வி எதையும் கற்றுக்கொடுப்பதில்லை.

சுருக்கமாக: நிச்சயமான பரிசு சலித்துவிடும், வராத பரிசு மறந்துவிடும், வருமா வராதா என்று தெரியாத பரிசு மட்டும் பிடித்துவைக்கும்.

திரைக்குள் செய்திருக்கும் வேலைகள்

இயந்திரமும் ஆப்பும் இந்தப் பலவீனத்தைச் சுற்றியே கட்டப்பட்டவை. மூன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

முதலாவது, மயிரிழைத் தோல்வி. படங்கள் சுழன்று நிற்கும் ஸ்லாட் இயந்திரத்தில் 7, 7 வந்து மூன்றாவது கட்டத்தில் 7 ஒரு வரி கீழே நின்றுவிடும். கணக்குப்படி அது முழுத் தோல்வி. 2009-ல் ஆய்வாளர் லூக் கிளார்க் குழுவினர் மூளை ஸ்கேனுக்குள் ஆட்களைப் படுக்க வைத்து ஆட விட்டபோது, இந்த மயிரிழைத் தோல்வி வெற்றியில் விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதிகளையே எழுப்பியது. சாதாரணத் தோல்வியைவிட அது எரிச்சலாக இருந்தது என்றார்கள். ஆனால், தாங்களே படத்தைத் தேர்ந்தெடுத்து ஆடிய சுற்றுகளில், இன்னும் ஆட வேண்டும் என்ற ஆசையும் அதில்தான் கூடியது. இலக்கை உரசிப்போன கல் எறிபவனுக்கு உண்மையிலேயே ஒரு தகவல் தருகிறது: கை சரியாகி வருகிறது. மூளை அந்த விதியை ஸ்லாட்டுக்கும் பொருத்திவிடுகிறது. அங்கே அடுத்த சுழற்சிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இரண்டாவது, வெற்றி வேஷம் போட்ட தோல்வி. ஸ்லாட்டில் படங்கள் பொருந்தினால் பரிசு தரும் 20 வரிகளுக்கு ஒரே நேரத்தில், வரிக்கு ஒரு ரூபாய் கட்டுகிறீர்கள். ஒரு வரியில் 8 ரூபாய் அடிக்கிறது. விளக்கு மின்னுகிறது, காசு கொட்டும் சத்தம், "+8" என்று பெரிய எழுத்து. போனது 12 ரூபாய். உடம்பு இதை வெற்றியாகவே எடுத்துக்கொள்கிறது. தோலின் வியர்வை மாற்றத்தை அளந்த ஆய்வில் இது தெரிந்தது. பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 2021 அக்டோபரிலிருந்து ஆன்லைன் ஸ்லாட்களில், கட்டிய தொகைக்கு மேல் கிடைக்காத சுற்றுக்குக் கொண்டாட்டச் சத்தமும் படமும் போடக் கூடாது என்று விதித்ததற்குப் பின்னணி இதுதான்.

மூன்றாவது வேகம். செயலும் விளைவும் நெருங்க நெருங்கப் பாடம் ஆழமாகப் பதியும். வாரக் குலுக்கல் லாட்டரிக்கு வாரம் ஒரு முடிவு. ஸ்லாட்டுக்கு சில நொடிக்கு ஒன்று. பிரிட்டனின் அதே விதி ஒரு சுழற்சிக்குக் குறைந்தது 2.5 நொடி என்றும் கட்டுப்படுத்தியது. வேகம் பணத்தை என்ன செய்யும் என்று பாருங்கள். '95 சதவீதம் திருப்பித் தரும்' என்று ஓர் ஆட்டம் விளம்பரம் செய்கிறது. ஆயிரம் ரூபாய் போட்டால் 950 மிஞ்சும் என்று நினைக்கிறோம். அந்த 95 ஒவ்வொரு சுழற்சிக்குமான கணக்கு. 5 நொடிக்கு ஒரு முறை 10 ரூபாய் கட்டினால் மணிக்கு 720 சுழற்சி, 7,200 ரூபாய் பந்தயம், சராசரி நஷ்டம் 360 ரூபாய். மூன்று மணி நேரம் போனால் போட்ட ஆயிரம் சராசரியாகக் காலி. நடுவில் வந்த வெற்றிகள் எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடக்கம்.

"ரம்மி திறமை ஆட்டமாச்சே?"

1968-ல் உச்ச நீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று சொன்னது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும், தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மி, போக்கரை மட்டும் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாடே இல்லாமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. இது சட்டத்தின் கதை. மூளை இந்தப் பாகுபாட்டைப் பார்ப்பதில்லை.

சமத் திறமை உள்ள இருவர் ஆடினால் ஜெயிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. நிச்சயமின்மை உச்சத்தில் இருக்கும் இடம் அதுதான் என்று சற்று முன்னால் பார்த்தோம். ஒரே ஒரு கார்டுக்காகக் காத்திருக்கும்போது எதிராளி தன் சீட்டுகளைச் சேர்த்து முடித்து டிக்ளேர் செய்வது மயிரிழைத் தோல்வியின் அசல் வடிவம். கூடவே, திறமை இருப்பதால் "அடுத்த ஆட்டத்தில் சரிசெய்துவிடுவேன்" என்ற எண்ணத்துக்கு நியாயமும் கிடைத்துவிடுகிறது.

பணக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஆளுக்கு 100 ரூபாய், இருவர் போட்ட மொத்தத்தில் நடத்துபவர் கமிஷன் 10 சதவீதம் என்று வையுங்கள். ஜெயித்தால் கையில் வரும் லாபம் 80, தோற்றால் போவது 100. ஐம்பது ஆட்டத்தில் சரிபாதி ஜெயித்தால் 2,000 வந்து 2,500 போயிருக்கும். கைக்காசு போகாமல் இருக்கவே நூற்றுக்கு 56 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். எதிரே இருப்பவருக்கும் அதே கணக்கு.

விட்டதைப் பிடிக்கும் ஓட்டம்

முன்மூளை நாளைய விளைவை எடைபோட்டுப் பார்த்து நாட்டத்தை நிறுத்தும் பகுதி. தூக்கமின்மை, மது, மன அழுத்தம் மூன்றும் அதன் பிடியைத் தளர்த்தும். நள்ளிரவு ஆட்டங்களில் தொகை எகிறுவதற்கு அது ஒரு காரணம். இருபதுகளின் நடுப்பகுதி வரை அந்தப் பகுதி முழுதாக முதிர்வதும் இல்லை.

பிடி தளர்ந்த நேரத்தில் "தோற்றால் இரட்டிப்பாகக் கட்டு, ஒரு தடவை ஜெயித்தால் எல்லாம் திரும்பிவிடும்" என்ற யோசனை அறிவுபூர்வமாகத் தெரியும். 100, 200, 400 என்று எட்டு முறை தொடர்ந்து தோற்றால் போனது 25,500 ரூபாய். ஒன்பதாவது முறை கட்ட வேண்டியது 25,600. அதில் ஜெயித்தாலும் நிகர லாபம் அதே பழைய 100 ரூபாய். எட்டுத் தோல்வி தொடர்ந்து வராது என்று தோன்றும். 1913-ல் மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில், சிவப்பும் கறுப்புமான கட்டங்கள் உள்ள ரூலெட் சக்கரத்தில் பந்து 26 முறை தொடர்ந்து கறுப்பில் விழுந்தது. "இனி சிவப்புதான்" என்று கட்டியவர்கள் பெரும் தொகையை இழந்தார்கள். பந்துக்கு ஞாபகசக்தி கிடையாது.

எல்லோரும் சிக்குவதில்லை

ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த நிலைக்கு வருவதில்லை. இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகளின்படி சிக்கும் வாய்ப்பில் கிட்டத்தட்ட பாதி பரம்பரையாக வருகிறது. மனச்சோர்வு, மது, கவனக்குறைவுச் சிக்கல் இருப்பவர்களுக்கு அபாயம் கூடுதல். ஆரம்பத்திலேயே கிடைத்த ஒரு பெரிய வெற்றியும் பலரின் கதையில் உண்டு.

எது நோய் என்பதற்கு அளவுகோல் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் தன் நோய் வகைப்பாட்டு நூலில் சூதாட்டக் கோளாறை மது, போதைப் பழக்கங்கள் இருக்கும் அதே அத்தியாயத்துக்கு மாற்றியது. எந்தப் பொருளும் உடலுக்குள் போகாமலே அந்தப் பட்டியலில் இடம்பிடித்த முதல் கோளாறு இது. ஒன்பது அறிகுறிகளில் 12 மாதத்துக்குள் நான்கு இருந்தால் கோளாறு. அதே பரவசத்துக்குத் தொகையைக் கூட்டிக்கொண்டே போவது, குறைத்தால் எரிச்சல், விட முயன்று தோற்பது, எந்நேரமும் அதே நினைப்பு, மனம் நொந்தபோது ஆடுவது, விட்டதைப் பிடிக்க மறுநாள் வருவது, பொய், உறவையோ வேலையையோ பணயம் வைப்பது, நெருக்கடிக்கு மற்றவர் பணத்தை நம்புவது. இதில் எத்தனை ரூபாய் என்ற கேள்வியே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

என்ன செய்தால் பலன் உண்டு

டோபமைன் துடிப்பு அறிகுறிக்கு இடம் மாறும் என்பதால், முதலில் அடைக்க வேண்டியது அறிகுறிகளையும் பணம் போகும் வழியையும். மன உறுதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆப், அதன் அறிவிப்புகள், டிப்ஸ் தரும் டெலிகிராம் குழுக்கள், உடனடிக் கடன் ஆப்கள் அனைத்தும் போனிலிருந்து போகட்டும். யுபிஐ தினசரி வரம்பை வங்கி ஆப்பில் வீட்டுச் செலவுக்குத் தேவையான அளவுக்கு இறக்குங்கள். சம்பள நாள்தான் பலருக்கும் சறுக்கும் நாள். சம்பளம் வரும் கணக்கை ஆறு மாதமாவது நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுப்பது நல்லது. உந்துதல் வந்தால் எதிர்த்து மல்லுக்கட்ட வேண்டாம், அரை மணி நேரம் தள்ளிப்போடுங்கள், பெரும்பாலும் அதற்குள் அலை இறங்கிவிடும்.

சிகிச்சையில் நல்ல சான்று உள்ளது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு. "இத்தனை தடவை தோத்தாச்சு, இனி ஜெயிப்புதான்" போன்ற எண்ணங்களை அடையாளம் கண்டு உடைக்கவும், அறிகுறி வரும்போது வேறு செயலுக்கு மாறவும் அதில் பயிற்சி தருவார்கள். சிலருக்கு மருத்துவர்கள் நால்ட்ரெக்ஸோன் கொடுப்பதுண்டு. கல்லீரல் பரிசோதனையோடு மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் எடுக்க வேண்டிய மருந்து. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் காட்டலாம். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். கடன் நெருக்கும்போது தற்கொலை எண்ணம் வருவது இந்தக் கோளாறில் அதிகம். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

கடனை என்ன செய்வது என்பதில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. நகையை விற்று மொத்தத்தையும் ஒரே நாளில் அடைத்து "இனி ஆடாதே" என்று சத்தியம் வாங்குவது வழக்கம். எதிர்பாராமல் வந்த அந்த நிம்மதியும் மூளைக்கு இன்னொரு பெரிய வெற்றிதான்; அடுத்த முறையும் யாராவது வருவார்கள் என்பதே அது சொல்லும் பாடம். முதலில் மொத்தக் கடன் எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஆடியவர் சொல்லும் தொகையைவிட அது பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆடியவரையே உட்கார வைத்து அதை எடுங்கள். நண்பர், கந்துவட்டிக் கடன்கள் அதில் வராது, அவற்றைத் தனியே எழுதுங்கள். வட்டி அதிகமுள்ளதிலிருந்து தொடங்கி மாதத் தவணையாக, கடன் கொடுத்தவருக்கே நேராகக் கட்டுங்கள். பணம் ஆடியவர் கை வழியாகப் போக வேண்டாம். தவணையில் ஒரு பங்கு மட்டும் அவர் சம்பளத்திலிருந்து போகட்டும்.